ஊசியா, கத்தியா: திருக்கடையூருக்கு முன்னால் ஒரு முகக் கணக்கு

அக்காவின் வீட்டுக்காரருக்கு வரும் தை மாதம் அறுபது நிறைகிறது. மயிலாடுதுறையில் குடியிருப்பவர்கள் மணிவிழாவுக்கு வேறு எந்த ஊரைத் தேடுவார்கள்? திருக்கடையூரில் மண்டபம் பேசியாயிற்று, குருக்களிடம் நாள் குறித்தாயிற்று, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள். ஆடிப்பெருக்கன்று துலாக்கட்டத்தில் காதோலை கருகமணி விட்டுவிட்டுத் திரும்பும்போது அக்கா என்னை ஓரமாக இழுத்து நிறுத்தி, செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ஆபரேஷன் இல்லாமல், வலி இல்லாமல், ஒரு மணி நேரத்தில் பத்து வயது குறைத்துத் தருகிறார்களாம்.

"இது போதுமாடி? இல்ல, ஒரேயடியா ஆபரேஷனே பண்ணிக்கிட்டுடலாமா?"

எமனை உதைத்துத் தள்ளி மார்க்கண்டேயனை என்றைக்கும் பதினாறு வயதில் நிறுத்திய சந்நிதியில் இரண்டாம் தடவை தாலி கட்டிக்கொள்ளப் போகிறவளிடம், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று எப்படிச் சொல்வது? சொல்லவும் தோன்றவில்லை. அவளுக்கு ஐம்பத்தாறு, எனக்கு ஐம்பத்திரண்டு. கண்ணாடி என்னையும்தான் பார்க்கிறது.

நான் கும்பகோணத்தில் கணக்கு டீச்சர், டாக்டர் இல்லை. ஆனால் அவளோடு தஞ்சாவூரில் ஒரு தோல் டாக்டரிடம் இரண்டு முறையும், திருச்சியில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் ஒரு முறையும் போய் உட்கார்ந்தேன். கேட்டதையும் படித்ததையும் நோட்டில் எழுதி வைத்தேன். இதே கேள்வியோடு இன்னும் நாலு பேர் இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு டாக்டர்களும் ஆரம்பித்தது ஒரே மாதிரி. "என்ன பண்ணணும்னு சொல்லாதீங்க. எது பிடிக்கலைன்னு விரலால தொட்டுக் காட்டுங்க." அக்கா நாலு இடத்தைத் தொட்டாள். கன்னத்து மேட்டில் படர்ந்திருக்கும் மங்கு. இரண்டு புருவத்துக்கும் நடுவே விழுந்துவிட்ட கோடு. ஒட்டிப்போன கன்னம். அப்புறம், தாடை எலும்பின் ஓரத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் தொங்கும் சதை. கழுத்தை அவள் தொடவில்லை, ஆனால் கண்ணாடியில் அதைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

இந்த நாலும் நாலு வேறு சங்கதிகள். மங்கு, தோலின் மேல்பக்கத்து நிறம். புருவக் கோடு, தசை ஓயாமல் மடித்ததால் வந்தது. ஒட்டிய கன்னம், உள்ளே இருந்த கொழுப்பும் எலும்பும் குறைந்ததால் வந்தது. தாடைச் சதை, மேலே இருந்தது கீழே இறங்கியதால் வந்தது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் மட்டும் பெண்களின் தோல் தன் கொலாஜனில் முப்பது சதவீதம் அளவுக்கு இழக்கிறது என்று சொன்னார்கள். அக்கா அந்த ஐந்து வருடத்தை இப்போதுதான் தாண்டியிருக்கிறாள். ஊசிக்கும் கத்திக்கும் போட்டி வைப்பதற்கு முன்னால், நம்முடைய புகார் இந்த நாலில் எது என்று தெரிய வேண்டும். விளம்பரம் அதைக் கேட்பதே இல்லை.

அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு, தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து முகத்தைப் பாருங்கள். தொங்கும் சதையெல்லாம் காதுப் பக்கமாகப் பின்னால் போய்விடும். "ஆமாம், இந்த முகம்தான் எனக்கு வேண்டும்" என்று தோன்றினால் உங்கள் புகார் தளர்ச்சி. அது கத்தியின் வேலை. படுத்த பிறகும் மங்கும் சுருக்கமும் அப்படியே உறுத்தினால், எத்தனை லட்சம் கொடுத்து முகத்தை இழுத்துத் தைத்தாலும் அவை இருந்த இடத்தில்தான் இருக்கும். அக்கா எங்கள் வீட்டு ஊஞ்சலில் படுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

ஊசி செய்வதும் செய்யாததும்

முதல் ஊசி போடாக்ஸ். அது அழகுக்காகப் பிறந்த மருந்து இல்லை. ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் டாக்டர் மாறுகண்ணைச் சரிசெய்ய அதைக் கொண்டுவந்தார். 1989-ல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கேரதர்ஸ் என்ற கண் டாக்டர் இமைத் துடிப்புக்காக ஊசி போட்டபோது, நோயாளியின் புருவ நடுக்கோடு மறைந்ததைக் கவனித்தார். அவருடைய கணவர் அலஸ்டர் தோல் டாக்டர். இரண்டு பேரும் சேர்ந்து 1992-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கோட்டுக்கே என்று அமெரிக்க அனுமதி வந்தது 2002-ல். வீட்டில் ஒரு கண் டாக்டரும் ஒரு தோல் டாக்டரும் சாப்பாட்டு மேஜையில் பேசிக்கொண்டதன் விளைவு இவ்வளவு பெரிய வியாபாரம்.

மருந்து தசைக்கு நரம்பு அனுப்பும் கட்டளையைத் தடுக்கிறது, தசை ஓய்வெடுக்கிறது, மேலே தோல் மடிவதில்லை. மூன்று நாலு நாளில் தெரிய ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுதாகத் தெரியும். மூன்று நாலு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். நெற்றி, புருவ நடு, கண்ணோரம் என்று முகத்தின் மேல்பாதிக்கு இதைப்போல் ஒன்று இல்லை. அந்த இடங்களில், முகத்தைத் தூக்கிக் கட்டும் ஆபரேஷனான ஃபேஸ்லிஃப்ட் கூட இதற்கு ஈடாகாது. தவறினால் ஒரு கண் இமை கொஞ்ச வாரத்துக்குச் சரிந்து நிற்கலாம், அதுவும் தானாகச் சரியாகிவிடும். மயஸ்தீனியா போன்ற தசை நரம்பு நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. அக்காவின் ஒரே கவலை வேறு: புருவத்தை நெரிக்க முடியாமல் போனால் அத்தானை எப்படி அடக்குவது?

அடுத்தது ஃபில்லர். பெரும்பாலும் ஹயலுரானிக் அமிலம், நம் உடம்பிலேயே இருக்கும் பொருள்தான், கெட்டியான ஜெல்லாக ஊசியில் வருகிறது. ஒட்டிய கன்னம், கண்ணுக்குக் கீழ்ப் பள்ளம், மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் கோடு ஆகியவற்றில் இட்டு நிரப்புகிறார்கள். இடத்தையும் ஜெல்லையும் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை நிற்கும். போட்டவுடன் பலன் தெரியும், பிடிக்காவிட்டால் ஹயலுரானிடேஸ் என்ற மருந்தைப் போட்டுக் கரைத்துவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் மிரண்டது இந்த ஊசிக்குத்தான், கத்திக்குக் கூட அல்ல. ஜெல் தவறி ஒரு ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் அந்த இடத்துத் தோலுக்கு ரத்தம் நின்றுவிடும். அபூர்வமாகக் கண்ணுக்குப் போகும் குழாயே அடைபட்டுப் பார்வை போகலாம். தோல் வெளுப்பது, வலை போட்டதுபோல் நீலம் பாய்வது, கடும் வலி, பார்வை மங்குவது எல்லாம் உடனே திரும்ப ஓட வேண்டிய அறிகுறிகள். கண் விஷயத்தில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் அவகாசம். இப்போது வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் போட்டுக்கொண்டு ரயிலேறி மயிலாடுதுறைக்கு வந்து சேரவே அந்த நேரம் போய்விடும். அதனால் அக்காவுக்கு நான் சொன்னது: ஃபில்லர் போடுகிற இடத்தில் "ஹயலுரானிடேஸ் இப்போது கையிருப்பில் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். இருக்கிறது என்று பாட்டிலைக் காட்டாத இடத்தில் உட்காரவே கூடாது. அன்று ராத்திரி அந்த ஊரிலேயே தங்கவும் வேண்டும்.

இன்னொன்று, தொங்கும் சதையைத் தூக்குவதற்கு ஃபில்லரை நம்பக்கூடாது. ஒரு மில்லி என்பது கால் டீஸ்பூனைவிடக் குறைவு. அதை வைத்துக் கன்ன மேட்டைக் கொஞ்சம் எடுப்பாக்கலாம், தாடைச் சதையைத் தூக்க முடியாது. தூக்கிக் காட்டுகிறேன் என்று மூன்று மில்லி, ஐந்து மில்லி என்று ஏற்றிக்கொண்டே போனால் பூரி போல உப்பிய முகம்தான் மிஞ்சும். டிவியில் அப்படிச் சில முகங்களைப் பார்த்திருப்பீர்கள்.

மெஷின்களும் நூலும்

அக்கா காட்டிய விளம்பரம் ஹைஃபு. ஒலி அலைகளைத் தோலுக்குக் கீழே ஒன்றரை, மூன்று, நாலரை மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளியில் குவித்துச் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் திசு சுருங்கி, அப்புறம் இரண்டு மூன்று மாதத்தில் புதுக் கொலாஜன் உருவாகிறது. ஆகவே "ஒரு மணி நேரத்தில்" என்பது இயந்திரம் ஓடும் நேரம், பலன் தெரியும் நேரம் அல்ல. நாற்பதுகளில், லேசாகத் தளர ஆரம்பித்த முகத்துக்கு ஓரளவு இறுக்கம் தரும். நன்றாகத் தொங்கிவிட்ட சதைக்கு, செய்ததே தெரியாது. ஒட்டிய கன்னக்காரர்களுக்கு இன்னொரு ஆபத்து: தப்பான ஆழத்தில் வைத்தால் இருக்கிற கொழுப்பும் கரைந்து முகம் இன்னும் வற்றிப்போகும். எங்கள் உறவில் ஒருத்தி ஒரு பார்லரில் சலுகை விலையில் செய்துகொண்டு, தீபாவளி போட்டோவில் முன்பைவிட வயதாகத் தெரிந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

ரேடியோ அலை மெஷின்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

நூல் வைத்துத் தூக்குவதை த்ரெட் லிஃப்ட் என்கிறார்கள். முள் வைத்த, கரையும் நூல்களைத் தோலுக்கடியில் செலுத்தி இழுத்து மாட்டுகிறார்கள். பாலிடயாக்ஸனோன் நூல் ஆபரேஷன் தையலுக்குப் பல காலமாகப் பயன்படுவதுதான். ஆறேழு மாதத்தில் கரைந்துவிடும், தூக்கிய தூக்கல் அநேகமாக ஒரு வருடத்துக்குள் இறங்கிவிடும். நடுவில் தோலில் குழி விழுவது, நூல் நுனி நெருடுவது போன்ற தொல்லைகள். ஆபரேஷனுக்கு ஏங்கி, ஆபரேஷனுக்குப் பயந்தவர்களுக்காகக் கண்டுபிடித்தது போல எனக்குப் பட்டது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு என்று சொன்னால் கூட ஒத்துக்கொள்வேன். அதற்கு மேல் இல்லை.

லேசரும், மருந்து பூசித் தோலின் மேல்படலத்தை உரிக்கும் கெமிக்கல் பீலும் நம் நிறத்துக்கு நிதானமாகச் செய்ய வேண்டியவை. மாநிறத் தோலில் சூடு கூடினாலோ பீல் ஆழமாகப் போனாலோ, போக்க வந்த கறுப்புக்கு மேல் இன்னொரு கறுப்பு படியும். மங்குக்காரர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். தஞ்சாவூர் டாக்டர் அக்காவுக்கு லேசரே வேண்டாம் என்றார். முப்பதுக்குக் குறையாத எஸ்பிஎஃப் உள்ள சன்ஸ்கிரீனைத் தினமும் காலையில் ஒரு முறை, வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போடச் சொன்னார். ராத்திரிக்கு ஒரு கிரீம் எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். களத்தில் நெல் காயும்போது மேற்பார்வை பார்க்கிறேன் என்று மத்தியானம் முழுக்க நிற்கிறவளுக்கு, தலையில் முந்தானை போட்டால் போதாது, குடை பிடியுங்கள் என்றும் சொன்னார். அக்கா பையிலிருந்து மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு சிவப்பழகு கிரீமையும் எடுத்துக் காட்டினாள். அதில் ஸ்டீராய்டு இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத சரக்கு. வருடக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, மெல்லிய ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியத் தொடங்கி, வயது கூடித்தான் தெரியும். எட்டு வருடமாகத் தடவுகிறாள்.

கத்தி

ஃபேஸ்லிஃப்ட் என்றால் தோலை இழுத்துத் தைப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பழைய காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். தோல் இழுபடும், காற்றில் முகம் மாட்டிக்கொண்டது போல ஒரு பார்வை வரும், இரண்டு வருடத்தில் தளர்ந்துவிடும். 1976-ல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, முகத் தசைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரு படலத்தை விவரித்தார்கள். சுருக்கமாக ஸ்மாஸ் என்கிறார்கள். இன்றைக்குத் தூக்கிக் கட்டுவது அந்தப் படலத்தைத்தான். அதற்கும் கீழே போய் மொத்தமாக நகர்த்தும் ஆழத்தள முறையை 1990-ல் சாம் ஹாம்ரா என்ற அமெரிக்க சர்ஜன் எழுதினார். புடவை மடிப்பைச் சரிசெய்ய மேல் முந்தானையை எவ்வளவு இழுத்தாலும் நிற்காது. உள்பாவாடை நாடாவில் கொசுவம் சரியாகச் செருகியிருந்தால் மேலே தானாக நிற்கும். சர்ஜன் வேறு உதாரணம் சொன்னார், எனக்குப் புரிந்தது இப்படித்தான்.

வெட்டு, நெற்றிப் பொட்டு ஓரத்து முடிக்குள் தொடங்கி, காதின் முன்புறமாக இறங்கி, காது மடலைச் சுற்றி, பின்பக்கமாக முடிக்குள் போய் முடியும். மூன்று நாலு மணி நேரம், பெரும்பாலும் முழு மயக்கத்தில். ஒரு ராத்திரியாவது ஆஸ்பத்திரி. ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் தையல் பிரிப்பார்கள். வீக்கமும் கன்றலும் வடிந்து வெளியே தலைகாட்ட இரண்டு மூன்று வாரம். காதோரம் மரத்துப்போனது சரியாகச் சில மாதம். முகம் முழுசாக நம் முகமாகத் தெரிய அதைவிடக் கொஞ்சம் கூட. பலன் பொதுவாக ஏழிலிருந்து பத்து வருடம் நிற்கும். அதற்கப்புறமும் வயது ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் புதுக் கோட்டிலிருந்து ஓடும்.

தாடைக்கோட்டுக்கும் கழுத்துக்கும் இது செய்கிற வேலையை ஊசி, நூல், மெஷின் எதுவும் செய்யாது. இதைத் திருச்சி சர்ஜன் சொன்னபோது வியாபாரப் பேச்சோ என்று சந்தேகப்பட்டேன். தஞ்சாவூர் தோல் டாக்டரும் அதையே சொன்னார். அவருக்கு அதில் ஒரு பைசா லாபமில்லை. ஆனால் நெற்றிக்கோடு, மங்கு, உதட்டைச் சுற்றிய மெல்லிய சுருக்கம் எதையும் ஃபேஸ்லிஃப்ட் தொடாது. கண்ணுக்குக் கீழ்ப் பைக்கு இமை ஆபரேஷன் தனி.

ஆபத்துகளில் முதலாவது ரத்தக்கட்டு. பெரும்பாலும் முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வரும், திரும்பத் தியேட்டருக்குள் கொண்டுபோய்த் திறந்து எடுக்க வேண்டியிருக்கலாம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், ஆண்களுக்கும் இது அதிகம். தாடி வளரும் தோலில் ரத்த ஓட்டம் கூடுதல் என்பது ஆண்கள் விஷயத்தில் ஒரு காரணம். முகத்தை அசைக்கும் நரம்பு அடிபட்டு வாயோரம் கோணுவது நடக்கலாம். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் திரும்பிவிடும், நிரந்தரமாகத் தங்குவது மிக அரிது. அப்புறம் தழும்பு.

தழும்பு விஷயத்தில் நம் ஊர்ப் பெண்கள் தனியாக யோசிக்க வேண்டும். முடியை விரித்துப் போட்டுக்கொள்கிறவர்களுக்குக் காதோரம் மறைந்துவிடும். நாம் இழுத்து வாரிப் பின்னி, பூ வைத்து, காதில் தோட்டைப் போட்டு, பார் என்று காட்டிக்கொண்டு நிற்போம். காதின் முன்புறத் தழும்பு குருத்தெலும்பின் மேட்டுக்கு உள்பக்கமாக ஒளிந்து போகிறதா, காது மடல் கன்னத்தோடு ஒட்டிக் கீழே இழுபட்டு நிற்கிறதா என்று, அந்த சர்ஜன் முன்பு செய்தவர்களின் படத்தில் முடியை ஒதுக்கிய கோணத்தில் பார்க்க வேண்டும். நேர் முகப் படம் எதையும் சொல்லாது. நம் தோல் தழும்பு தடிக்கும் சுபாவம் உள்ளதும்கூட. காது குத்திய இடத்தில் கட்டி வந்ததா, சிசேரியன் தழும்பு தடித்ததா என்று சர்ஜன் கேட்டார். தடித்திருந்தால் கத்தியை யோசித்துத்தான் எடுப்பார்கள்.

இந்தப் பேச்சில்தான் ஒரு சின்ன லாபம் கிடைத்தது. அம்மாவின் வைரத்தோட்டை வருடக்கணக்காகப் போட்டு அக்காவுக்குக் காது ஓட்டை நீண்டு, தோடு தலைகுப்புறத் தொங்கும். "முகம் தொங்குதுன்னு வந்தீங்க, காதுதான் அதிகமாத் தொங்குது" என்றார் சர்ஜன். மரக்கும் ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள் தைத்துவிடும் வேலை அது. ஒரு வாரத்தில் தையல் பிரித்து, மூன்று மாதம் கழித்துப் புதுசாகக் குத்திக்கொள்ளலாம். ஆவணியில் தைத்தாயிற்று, கார்த்திகையில் குத்த வேண்டும்.

இப்போது பணம். எங்களுக்குச் சொன்ன தொகைகள் இவை, ஊருக்கு ஊர் மாறும். மூன்று இடத்துக்கு போடாக்ஸ் ஒரு தடவைக்கு 14,000 ரூபாய், வருடத்துக்கு மூன்று தடவை என்றால் 42,000. ஃபில்லர் இரண்டு மில்லி 50,000. ஹைஃபு 40,000. வருடம் 1,32,000. எட்டு வருடத்துக்கு 10,56,000. ஃபேஸ்லிஃப்டும் கழுத்தும் ஆஸ்பத்திரிச் செலவோடு 3,00,000. அழகுக்காகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு மருத்துவ வரிவிலக்கு கிடையாது என்பதால் 18 சதவீத ஜிஎஸ்டி 54,000 சேர்ந்து 3,54,000. எந்த மருத்துவக் காப்பீடும் இதற்குப் பணம் தராது.

பலகையில் எழுதினால் கத்தி மலிவு. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, மாணவி யாராவது கண்டுபிடித்தால் முழு மார்க் போடுவேன். ஃபேஸ்லிஃப்ட் செய்தவருக்கும் புருவக் கோடு இருக்கும், அவரும் போடாக்ஸுக்கு வருவார். எட்டு வருடம் ஊசி போட்டவருக்கோ கடைசியில் தாடைச் சதை அங்கேயேதான் இருக்கும். ஆகவே என் மதிப்பில் வீணாகும் பணம் எது என்றால், தளர்ச்சியைத் தூக்குவதற்காக ஆபரேஷனுக்குப் பயந்து வருடாவருடம் ஃபில்லரிலும் ஹைஃபுவிலும் போடுகிற பணம். புருவக் கோட்டுக்குப் போடுகிற போடாக்ஸ் பணம் அப்படி இல்லை. அது வாங்கியதற்கு உழைக்கிறது. இன்னொன்றும் சர்ஜன் சொன்னார்: நூலும் சூடும் ஃபில்லரும் பல தடவை பார்த்த முகத்தில் உள்ளே தழும்பு கட்டியிருக்கும், பின்னால் ஆபரேஷன் செய்யும்போது படலங்களைப் பிரிப்பது சிரமம்.

நாள் கணக்கும் முக்கியம். விழாவுக்கு ஒரு மாதம் முன்பு போடாக்ஸ் போட்டால், இரண்டு வாரத்தில் பார்த்து ஏதாவது விட்டுப்போயிருந்தால் திருத்த நேரமிருக்கும். ஃபில்லருக்கும் அதே அளவு வைத்துக்கொள்ளலாம், கன்றல் போக வேண்டும். ஹைஃபு என்றால் மூன்று மாதம். ஃபேஸ்லிஃப்டுக்கு மூன்று மாதத்துக்குக் குறைவாக யோசிக்கவே கூடாது, ஆறு மாதம் நிம்மதி. ஹோமப் புகையில், மாலைகளோடு, கலசம் கலசமாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்காரப் போகிற முகம் என்பதையும் மறக்கக்கூடாது. ஆபரேஷன் செய்துகொண்டால் திருச்சியிலேயே இரண்டு வாரம் வீடு எடுத்துத் தங்க வேண்டும் என்றார் சர்ஜன். நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு ராத்திரி கன்னம் வீங்கினால் யாரைக் கூப்பிடுவது?

யார் செய்கிறார்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஃபேஸ்லிஃப்டுக்கு எம்சிஎச் அல்லது அதற்கு இணையான பிளாஸ்டிக் சர்ஜரி படிப்பு, ஊசிக்கும் லேசருக்கும் தோல் மருத்துவப் படிப்பு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி. பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளைப் பார்த்தால் போதாது, தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் பதிவெண்ணைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடலாம். "காஸ்மெடாலஜிஸ்ட்" என்று போர்டு மாட்டிய பார்லர்களை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அக்கா கத்திக்குத் தயார் என்றுதான் திருச்சிக்குப் போனாள். சர்ஜன் முகத்தைப் பார்த்துவிட்டு, தாடைக்கும் கழுத்துக்கும் நல்ல பலன் கிடைக்கக்கூடிய முகம் என்றார். அப்புறம் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். மூன்று மாதச் சர்க்கரை 8.4. இதோடு வெட்டினால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும், முதலில் இறக்குங்கள் என்றார். அடுத்தது, "வெற்றிலை போடுவீங்களா?"

கும்பகோணத்தில் பிறந்த பெண்ணிடம் இதைக் கேட்கலாமா? போடுவாள், புகையிலையோடு. பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்குத்தான் ஃபேஸ்லிஃப்டில் காதோரத் தோல் கறுத்துச் செத்துப்போகும் என்று நாங்கள் படித்திருந்தோம். மென்றாலும் நிகோட்டின் நிகோட்டின்தான், தோலுக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இழுத்துத் தைத்த தோலுக்கு அந்தக் குழாய்கள்தான் உயிர். குறைந்தது நாலு வாரம் முன்னாலும் நாலு வாரம் பின்னாலும் தொடக்கூடாது. இதய டாக்டர் எழுதிய ஆஸ்பிரின் இருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் மறைக்கவும் கூடாது. மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் சொல்ல வேண்டும்.

பிறகு வாயைத் திறந்து மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்கச் சொன்னார். இரண்டுக்கு மேல் போகவில்லை. பாக்கு வருடக்கணக்கில் கன்னத்தின் உள்பக்கத்தை நாராக இறுக்கிவிடும், வாய் சுருங்கும், மயக்க மருந்து டாக்டருக்கு மூச்சுக்குழாய் போடுவதே சிரமமாகிவிடும். பின்னால் புற்றுநோயாக மாறவும் கூடும் என்பதால் முகத்துக்கு முன்னால் வாயைப் பாருங்கள் என்று பல் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு லட்சம், மூன்று லட்சம் வாங்க உட்கார்ந்திருக்கிற மனிதர், அன்றைக்குக் கன்சல்டேஷன் பணம் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினார். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

பல் டாக்டர் வாயைச் சோதித்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார். பார்த்த கையோடு இன்னொன்றையும் கண்டுபிடித்தார். வலது பக்கம் மேலே இரண்டு கடைவாய்ப் பல் இல்லை. அந்தப் பக்கத்துக் கன்னம்தான் அதிகமாக ஒட்டியிருந்தது. அங்கே பல் பாலம் கட்டியபின் ஃபில்லர் பேச்சை அக்காவே விட்டுவிட்டாள்.

ஆக, தைக்கு முன்னால் அவள் செய்துகொள்ளப் போவது மார்கழி ஆரம்பத்தில் புருவத்துக்கு ஒரு போடாக்ஸ் மட்டும்தான். அதற்கும் மனசு முழுதாக வரவில்லை. மங்கு பாதி குறைந்திருக்கிறது, குடை பிடிப்பதைப் பழகிக்கொண்டாள். தாடைச் சதை இருக்கிறது. அத்தானுக்கு அவளைவிட இரண்டு மடங்கு தொங்குகிறது, அவரை யாரும் எந்த டாக்டரிடமும் அழைத்துப் போகவில்லை.

போன வாரம் மழைக்கு நடுவே போயிருந்தேன். ஊஞ்சலில் பக்கத்தில் எப்போதும் இருக்கும் பித்தளை வெற்றிலைப் பெட்டியைத் திறந்து காட்டினாள். வெற்றிலை இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, கிராம்பு இருந்தது. புகையிலையை விட்டு ஒன்பது வாரம், பாக்கை விட்டு ஆறு வாரம். ஆபரேஷன் முடிவை மாசியில் இன்னொரு தடவை சர்க்கரை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். இரண்டாவது விரலோடு மூன்றாவது விரலின் நகம் வரைக்கும் இப்போது போகிறது என்று வாயைத் திறந்து நுழைத்தும் காட்டினாள்.